மாய அங்கி போட்டால் கடைக்காரர் ஏன் உள்ளே விடுவதில்லை?

கேள்வி: சர்வரில் நெட்ஹேக் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறேன். தரையில் கிடந்த ஒரு ஓபரா குளோக் என்ற அங்கியை எடுத்து அணிந்ததும் என் உருவமே திரையில் காணோம். அரிய பொருள் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், கடைக்காரர் வாசலை மறித்து நிற்கிறார். இதை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

பதில்: உங்களிடம் இருப்பது குளோக் ஆஃப் இன்விசிபிலிட்டி, அதாவது அணிபவரை மறைய வைக்கும் மாய அங்கி. அணிந்த நொடியில் உங்கள் குறி மறைந்து கர்சர் மட்டும் நின்றதே, அதுதான் அடையாளம். ஆனால் "ஓபரா குளோக்" என்ற பெயரை நம்பி அடுத்த ஆட்டத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நான்கு மாய அங்கிகளின் வெளித்தோற்றத்தையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைத்துப் போட்டுவிடுவார்கள்.

கடை விஷயம் எளிது. கண்ணுக்குத் தெரியாத ஆளைக் கடைக்காரர் உள்ளே விடமாட்டார். திருட்டுப் பயம்தான், வேறென்ன! வாசலில் நின்று பெரிய எழுத்து 'T' அழுத்தி அங்கியைக் கழற்றினால் வழிவிடுவார். அங்கி பையில் இருந்தால் அவருக்குக் கவலையில்லை. கழற்ற வரவில்லை என்றால் அது சபிக்கப்பட்டது. சாபம் நீக்கும் ரிமூவ் கர்ஸ் சுருள் படியுங்கள், அல்லது அங்கியைப் புனித நீரில் நனையுங்கள். பிரார்த்தனையும் உதவும், ஆனால் கடந்த ஆயிரம் திருப்பங்களுக்குள் (டர்ன்) ஒருமுறை பிரார்த்தித்திருந்தால் மறுபடி பிரார்த்திக்காதீர்கள். கடவுள் கோபித்தால் அங்கி சிறு பிரச்சினையாகிவிடும். இனி புது அங்கி கிடைத்தால், பலிபீடம் பக்கத்தில் இருக்கும்போது அணியும் முன் அதன் மேல் வைத்துப் பாருங்கள். கறுப்பு மின்னல் அடித்தால் அது சபிக்கப்பட்டது, அணியாதீர்கள்.

விற்பனை? அடிப்படை விலை 60 பொன். கடைக்காரர் பாதியாக 30 தருவார், மனசில்லாவிட்டால் 20தான். அதற்காக விற்க வேண்டாம். சண்டையில் இது நிஜமாகவே உதவும். மறைந்தவரைக் காணும் சக்தி இல்லாத அரக்கர்கள் நீங்கள் நிற்கும் இடத்தைக் குத்துமதிப்பாகத்தான் தாக்குவார்கள். பல அடிகள் காற்றில் போகும். வளர்ந்த டிராகன்கள், ஏஞ்சல்கள், ஆட்டத்தின் பெரிய வில்லனான யெண்டோரின் மந்திரவாதி போன்று அந்தச் சக்தி உள்ளவர்களிடம் இந்த வித்தை பலிக்காது.

அரிதா என்றால், அவ்வளவு அரிதில்லை. ஆட்டம் தானாக உருவாக்கும் கவசங்களில் சுமார் நூற்றில் ஒன்று இது. உண்மையில் அரிய அங்கி, மாயத் தாக்குதலைத் தடுக்கும் குளோக் ஆஃப் மேஜிக் ரெசிஸ்டன்ஸ், ஆயிரத்தில் இரண்டுதான். அதற்கும் விலை 60 என்பதால் விலையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மரணக் கதிர், உருமாற்றப் பொறி இரண்டிலிருந்தும் காப்பாற்றுவது அதுதான். ஒரே நேரத்தில் ஓர் அங்கிதான் போட முடியும். அது கிடைத்த அன்றே உங்கள் மாய அங்கியைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், மறைவது பிடித்துப்போய் மறைய வைக்கும் மேக் இன்விசிபிள் மந்திரக்கோலை உங்கள் மீதே பிரயோகிக்காதீர்கள். அந்த மறைவைக் கழற்ற முடியாது, எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? சரி, மம்மியைக் கொன்றால் கிடைக்கும் கட்டுத்துணியை அங்கிக்குப் பதிலாகச் சுற்றிக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியிருக்கும் வரை எல்லோருக்கும் தெரிவீர்கள். கடைக்காரரும் உள்ளே விடுவார்.