இமேக்ஸ் பி6 பேட்டரி சார்ஜரில் ‘சீலி சார்ஜர்’ என்ற மாற்று ஃபர்ம்வேர் (சார்ஜரின் சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) சரியாக ஏற மாட்டேன் என்கிறது, ஏறினாலும் செல் வோல்ட் தப்பாகக் காட்டுகிறது. எங்கே கோளாறு?

நீங்கள் கேட்டதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. கணினியிலிருந்து சிப்புக்குள் மென்பொருளை எழுதும் யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரில் ஏற்றும்போது ‘டார்கெட் பதில் தரவில்லை’ என்று வருகிறது, பத்து முறை முயன்றால் ஒரு முறைதான் ஏறுகிறது. இது முதலாவது. ஏறிய பிறகு, மல்டிமீட்டரில் 4.18 வோல்ட் உள்ள செல்லைச் சார்ஜர் 4.11 என்று காட்டுகிறது. இது இரண்டாவது.

முதலாவது வெறும் தொல்லை. இரண்டாவது ஆபத்து. 0.07 வோல்ட் குறைத்துக் காட்டும் சார்ஜர் திரையில் முழு சார்ஜான 4.20 வரும்போது, உண்மையில் லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் 4.27 பக்கம் போயிருக்கும். அதைச் சரிசெய்யும் வரை அந்தச் சார்ஜரில் எந்த லிப்போவையும் மாட்டாதீர்கள்.

முதலில் போர்டைத் திறந்து உள்ளே இருக்கும் சிப் எது என்று பாருங்கள். பி6 என்ற பெயரில் எத்தனையோ நகல்கள் வருகின்றன, வெளிப்பெட்டியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. 44 கால் உள்ள ஏடிமெகா32 இருந்தால் யூஎஸ்பிஏஎஸ்பி போதும். 48 கால் உள்ள நுவோட்டான் எம்0517 என்றால் அது ஏஆர்எம் என்ற வேறு வகை சிப். அதற்கு எஸ்டி-லிங்க் அல்லது நு-லிங்க் புரோகிராமர் வேண்டும், யூஎஸ்பிஏஎஸ்பியை வைத்து எத்தனை நாள் போராடினாலும் பதில் வராது. இரண்டும் இல்லாமல் பெயர் அழிக்கப்பட்ட சிப் என்றால் மூடி வைத்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு முறையாவது ஏறியிருப்பதால் ஏடிமெகா32 என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் புதிதாக முயல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: போன பாதையில் திரும்ப முடியாது. தொழிற்சாலை ஃபர்ம்வேர் லாக் பிட்டால் பூட்டப்பட்டிருக்கும், படித்துப் பிரதி எடுக்க முடியாது. புதியதை ஏற்றும்போது சிப் முழுவதும் அழிகிறது, பழையது அத்தோடு போய்விடும்.

பத்துக்கு ஒரு முறை ஏறுகிறது என்றால் ஒயர் இணைப்பு அடிப்படையில் சரியாகத்தான் இருக்கிறது, சிக்னல்தான் தள்ளாடுகிறது. அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்.

ஒன்று மின்சாரம். எல் எழுத்து இல்லாத ஏடிமெகா32-க்கு 4.5 முதல் 5.5 வோல்ட் வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பியில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் 3.3-ல் இருந்தால் சிப் சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. ஜம்பரை 5-க்கு மாற்றுங்கள். சிப்பின் 5-ஆம் காலுக்கும் 6-ஆம் காலுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 4.7-க்குக் கீழே இருந்தால் திரையின் பேக்லைட் மின்னழுத்தத்தை இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது புரோகிராமரின் 5 வோல்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, சார்ஜருக்கு வழக்கமான 12 வோல்ட் கொடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. பேட்டரி எதுவும் மாட்டியிருக்கவும் கூடாது: புரோகிராம் ஏறும்போது சிப்பின் கால்கள் எதையும் பிடித்திருக்காமல் மிதக்கும், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வேகம். புரோகிராமரின் கடிகாரம் சிப்பின் கடிகாரத்தில் கால் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். ஏவிஆர்டியூட் என்ற ஏற்றும் மென்பொருளில் பிட் நேரத்தை 10 மைக்ரோவிநாடி என்று கொடுங்கள், அல்லது யூஎஸ்பிஏஎஸ்பியில் ஸ்லோ ஜம்பர் இருந்தால் அதைப் போடுங்கள். ‘எஸ்சிகே பீரியடை (புரோகிராமரின் கடிகார வேகத்தை) அமைக்க முடியவில்லை’ என்று ஓர் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், புரோகிராமருக்குள் பழைய ஃபர்ம்வேர் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்தப் புரோகிராமரில் மென்பொருள் வழியாக வேகம் குறையாது, ஜம்பர்தான் வழி.

மூன்றாவது ஒயரின் நீளம். 15 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பில் சந்தேகம் இருந்தால் போர்டில் உள்ள ஆறு துளைகளின் வரிசையை நம்பாதீர்கள், நகலுக்கு நகல் மாறலாம். ஏடிமெகா32-ல் வேண்டிய ஆறு கால்களும் அடுத்தடுத்து இருப்பது பெரிய வசதி. சிப்பின் மூலையில் உள்ள புள்ளியிலிருந்து எண்ணுங்கள்: 1 மோசி, 2 மிசோ, 3 எஸ்சிகே, 4 ரீசெட், 5 விசிசி, 6 கிரவுண்ட். மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, ஒவ்வொரு காலிலிருந்தும் துளைக்குத் தொட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். சரியாக இணைந்தால் சிப் 1ஈ 95 02 என்ற அடையாள எண்ணைச் சொல்லும். எல்லாம் பூஜ்யமாக வந்தால் ஒயரையோ மின்சாரத்தையோ திரும்பப் பாருங்கள்.

இதற்கிடையில் சிப்பின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் ஃபியூஸ் பிட்டுகளில் ஊகமாகக் கை வைக்காதீர்கள். கடிகாரத் தேர்வைத் தவறாக எழுதிவிட்டால் சிப் செத்த மாதிரி ஆகிவிடும். பிறகு அதன் 8-ஆம் காலில் வெளியிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

ஏறிய பிறகு திரை எப்படி இருக்கிறது என்பதும் தகவல்தான். மேல் வரி முழுக்கக் கறுப்புக் கட்டங்கள் மட்டும் நின்றால் திரைக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் சிப்பில் புரோகிராம் ஓடவில்லை: ஃபிளாஷ் (சிப்பின் புரோகிராம் நினைவகம்) காலி, அல்லது உங்கள் மாடலுக்கு உரியதல்லாத ஹெக்ஸ் கோப்பு (ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு), அல்லது கடிகாரக் கோளாறு. எழுத்து சரியாக வந்து பட்டன்கள் மாறி வேலை செய்தால், கோப்பு வேறு மாடலுக்கு உரியது.

இப்போது 4.11 விஷயத்துக்கு வருவோம். இது ஃபர்ம்வேர் கெட்டுப்போனதால் வருவதல்ல. செல் மின்னழுத்தம் மின்தடைகள் வழியாகக் குறைக்கப்பட்டு, சிப்பின் 10 பிட் அளவிக்குப் போகிறது, அதில் மொத்தமே 1024 படிகள். மின்தடைகளில் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் ஒவ்வொரு போர்டிலும் இருக்கும். அந்த வித்தியாசத்தைத் தொழிற்சாலையில் அளந்து, திருத்தத்தைச் சார்ஜருக்குள்ளேயே சேமித்திருப்பார்கள். அதைப் பழைய ஃபர்ம்வேர்தான் படிக்கும். சீலி சார்ஜர் பொதுவான மதிப்புகளோடு தொடங்குகிறது, உங்கள் போர்டு அதற்குத் தெரியாது. ஆகவே கேலிபிரேஷன், அதாவது சார்ஜரின் அளவை உண்மை அளவோடு பொருத்துவது என்பது ஃபர்ம்வேர் ஏற்றும் வேலையின் பாதி.

சேமிப்பு மின்னழுத்தத்தில், அதாவது செல்லுக்கு 3.8 பக்கம் உள்ள பேக் ஒன்றை எடுத்து, முதன்மை ஒயரையும், ஒவ்வொரு செல்லையும் தனியாக இணைக்கும் பேலன்ஸ் ஒயரையும் மாட்டுங்கள். கேலிபிரேட் மெனுவில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுத்து, மல்டிமீட்டரில் வரும் எண்ணோடு ஒவ்வொரு செல்லையும் பொருத்துங்கள். பேலன்ஸ் பிளக்கின் ஓரத்திலுள்ள கறுப்பு ஒயர்தான் எதிர்முனை. அங்கிருந்து அடுத்தடுத்த இரண்டு முள்களுக்கு நடுவே அளந்தால் ஒரு செல். முள்களுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. புரோப் முனை வழுக்கினால் செல் ஷார்ட் ஆகும். பேலன்ஸ் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு ஒயரையும் தனி டெர்மினலில் முறுக்கி வைத்துக்கொண்டால் கை நடுங்காமல் அளக்கலாம். மூன்று செல் பேக்கை வைத்துச் சரிபார்த்தால் முதல் மூன்று செல்களுக்கான அளவீடுதான் சரியாகியிருக்கும், நான்கு முதல் ஆறு வரை பயன்படுத்துபவர்கள் ஆறு செல் பேக்கை வைத்துச் செய்ய வேண்டும்.

அடுத்தது சார்ஜ் மின்னோட்டம், பிறகு டிஸ்சார்ஜ் மின்னோட்டம். பேட்டரியோடு தொடராக மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி அளவுகளைப் பொருத்துங்கள். முடிந்த உடனே மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு மறுபடி செல்லை அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட், மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பல நேரம் ஃபியூஸ்கூட இருக்காது.

கிடைத்த அளவுகளைத் தாளில் எழுதி வையுங்கள். சிப்பின் ஃபியூஸ் பிட் அமைப்பைப் பொறுத்து, அடுத்த முறை ஃபர்ம்வேர் ஏற்றும்போது அவை அழிந்துபோகலாம்.

முதல் சார்ஜை 0.5 ஆம்பியரில், சிமென்ட் தரையில், பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யுங்கள். திரையில் 4.10 வந்ததும் ஒரு முறை, 4.15-ல் ஒரு முறை, முடியும்போது ஒரு முறை மல்டிமீட்டரால் எல்லாச் செல்களையும் அளங்கள். ஏதாவது ஒரு செல் 4.22-ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிட்டு, அந்தச் செல்லின் கேலிபிரேஷனுக்குத் திரும்புங்கள்.