வாசகர் கேள்வி: வியட்நாம் விசாவில் எங்கே தவறுகிறோம்?

கே: ஹனோய், டா நாங், ஹோ சி மின் நகரம் மூன்றையும் பத்து நாளில் பார்க்கத் திட்டம். இந்திய பாஸ்போர்ட். எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்? ஏஜென்ட் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

ஏஜென்ட் வேண்டியதில்லை. வியட்நாம் குடிவரவுத் துறையின் இ-விசா தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைவுக்கு 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் கொண்டு, இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கும் தனியார் தளங்கள் ஏராளம். முகவரி 'ஜிஓவி டாட் விஎன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள்.

மூன்று வேலை நாளில் விசா வரும் என்பது கணக்கு. அந்த வேலை நாள் வியட்நாமுடையது. சனி, ஞாயிறு சேராது. டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டு, ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகிய விடுமுறைகளை ஒட்டி விண்ணப்பித்தால் காத்திருப்பு நீளும். மூன்று வாரம் முன்னதாக அனுப்பிவிடுவது நல்லது. பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். விசா நிலையைப் பார்க்கவும் பதிவிறக்கவும் அதுதான் வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆயுள் மீதம் இருக்கட்டும். அதன் விவரப் பக்கத்தைப் படமெடுக்கும்போது அடியில் உள்ள இரண்டு வரிகளும் முழுசாகத் தெரிய வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்தாலோ ஓரம் வெட்டுப்பட்டாலோ விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முகப்படத்தில் கண்ணாடி வேண்டாம்.

கே: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. பெயர் மட்டும்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் அப்பா பெயரைப் போடலாமா?
– வாசகி, மதுரை

போடவே போடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதே என்று பலர் அதை எடுத்து நிரப்புகிறார்கள். குடிவரவு அதிகாரி ஒப்பிடுவது முதல் விவரப் பக்கத்தை. அங்கே இல்லாத பெயர் விசாவில் இருந்தால் அது வேறொருவர் விசா என்றே ஆகிவிடும். விமான நிறுவனம் செக்-இன்னிலேயே நிறுத்தலாம்.

பெயர், இனிஷியல், இடைவெளி எல்லாம் விவரப் பக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்ஜியம் வரும் இடத்தில் 'ஓ' எழுத்தை அடித்துவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. பணம் கட்டிய பிறகு இவற்றை நீங்களாகத் திருத்த வழியில்லை, புதிதாக விண்ணப்பித்து மறுபடியும் கட்ட வேண்டிவரும். ஆகவே பணம் கட்டும் முன் வீட்டில் இன்னொருவரைப் பாஸ்போர்ட்டை வாசிக்கச் சொல்லி, நீங்கள் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். விசா கைக்கு வந்ததும் இன்னொரு முறை. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய எண்ணில் வாங்கிய இ-விசா பயன்படாது.

கே: விசா தேதியை எப்படிக் குறிப்பது? 10-ஆம் தேதி இரவு விமானம்.
– வாசகர், கோவை

நல்ல கேள்வி. கணக்கில் வருவது நீங்கள் கிளம்பும் நாளல்ல, வியட்நாமில் இறங்கும் நாள். விசா தொடங்கும் தேதிக்கு முன்னால் இறங்கினால் உள்ளே விடமாட்டார்கள். பிந்தி இறங்கலாம், ஆனால் முடியும் தேதி அதற்காக நகராது.

திரும்பும்போதும் கவனம் வேண்டும். விசா 20-ஆம் தேதியோடு முடிகிறது, விமானம் 21-ஆம் தேதி அதிகாலை என்றால், நள்ளிரவைத் தாண்டி முத்திரை விழும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கிய கணக்காகும். அபராதம் கட்டும் நேரத்தில் விமானமும் போய்விடலாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் இ-விசா 90 நாள் வரை கிடைக்கிறது. பத்து நாளானாலும் தொண்ணூறு நாளானாலும் கட்டணம் ஒன்றே. எனவே முன்னால் இரண்டு நாளும் பின்னால் ஒரு வாரமும் தாராளமாகச் சேர்த்துக் கேளுங்கள்.

கே: நடுவில் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டு ஹோ சி மின் நகரத்துக்குத் திரும்பலாமா?
– வாசகி, சேலம்

பலமுறை நுழைவு விசா இருந்தால் திரும்பலாம். ஒருமுறை நுழைவு விசா எல்லையைத் தாண்டிய கணத்தில் முடிந்துபோகும், அதில் எத்தனை நாள் மிச்சமிருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் நுழைவிடத்தையும் கேட்பார்கள். முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அந்த விமான நிலையத்தையே தேர்ந்தெடுங்கள். தரைவழியாகத் திரும்புவதானால் மொக் பாய் போல இ-விசா ஏற்கும் சோதனைச் சாவடி வழியாகவே வர வேண்டும். கம்போடிய விசா தனி.

கே: வியட்நாமின் ஃபூ குவோக் தீவுக்கு விசாவே வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், சென்னை

உண்மைதான், 30 நாள் வரை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரே தீவில் இறங்க வேண்டும். ஹோ சி மின் நகரத்தில் இறங்கி, குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு விமானம் பிடிக்கிறீர்கள் என்றால் சலுகை கிடையாது. தனித்தனி டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. தீவிலிருந்து பெருநிலத்துக்கு ஒரு நாள் போய்வர நினைத்தாலும் விசா வேண்டும். நேரடி விமானம் இல்லையென்றால் 25 டாலர் கட்டிவிடுங்கள்.

கே: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். உறவினர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார். எங்களுக்கும் விசா வேண்டுமா?
– வாசகர், சிங்கப்பூர்

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் 30 நாள் வரை விசா தேவையில்லை. சிங்கப்பூரில் வசித்தாலும் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் இ-விசாதான். சொந்தமாகப் பாஸ்போர்ட் உள்ள குழந்தைக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். எல்லோரும் விசாவைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மின் சிகரெட்டை வியட்நாம் 2025 முதல் தடைசெய்துவிட்டது, பெட்டியில் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.