டாக்டர் ஹூ பழைய சீசன்கள் எதையும் பார்க்காமல் புது சீசனில் நேராகத் தொடங்கலாமா? பார்க்கும்படி இருக்கிறதா?

தாராளமாகத் தொடங்கலாம். 1963 நவம்பரில் பிபிசியில் ஆரம்பித்த தொடர் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் 2024-இல் வந்த சீசனுக்கு, புதிதாக வருபவர்களை மனதில் வைத்து மறுபடியும் ‘சீசன் 1’ என்றே எண் போட்டார்கள். மொத்தம் எட்டே எபிசோடுகள். காலத்தைத் தாண்டிப் போகிற, டார்டிஸ் என்ற நீலப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுகிற டாக்டர் வேற்றுக்கிரகவாசி. சாகிற நிலை வந்தால் உடம்பு மாறி வேறு ஆளாகிவிடுவார், அதனால்தான் நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். இந்த முறை டாக்டர் ஷூட்டி கட்வா, கூடவே வரும் ரூபியாக மில்லி கிப்சன்.

முதல் எபிசோடை வைத்து மட்டும் முடிவு பண்ணிவிடாதீர்கள். பேசும் கைக்குழந்தைகள், மூக்குச்சளியால் ஆன பூதம்... நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தது மூன்றாவதில்தான்.

அது ‘பூம்’. ஸ்டீவன் மாஃபட் எழுதியது. போர்க்களம் ஒன்றில் ஓடிவரும் டாக்டர் கண்ணிவெடி மேல் காலை வைத்துவிடுகிறார். ஒரு கால் வெடி மேல், இன்னொன்று அந்தரத்தில். தூக்கிய காலைக் கீழே வைக்க வேண்டுமென்றால்கூட எடை சரியாக இருக்க வேண்டும், அதற்குக் கனமான பொருள் ஒன்றை ரூபி அவர் கையில் கொடுக்க வேண்டும். கிடைக்கிற பொருள், செத்துப்போன சிப்பாய் ஒருவனின் உடலைச் சுருக்கி அடைத்த உருளை. ஏறக்குறைய முழு எபிசோடும் மனிதர் அதே இடத்தில் நிற்கிறார். ஓட்டமும் வாயும்தான் டாக்டரின் பிழைப்பே. அதில் ஓட்டத்தைப் பிடுங்கிவிட்டதால் கட்வா முகத்தை வைத்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது, நன்றாகவே சமாளிக்கிறார்.

எனக்குப் பிடித்ததெல்லாம் இப்படி டாக்டரைக் கட்டிப்போட்ட எபிசோடுகள்தான் என்பது சீசன் முடிந்த பிறகுதான் உறைத்தது.

நான்காவதான ‘73 யார்ட்ஸ்’ஸில் ஆளே இல்லை. வேல்ஸ் கடற்கரைப் பாறை மேல் யாரோ நூலால் கட்டி வைத்த வட்டத்தை மிதித்ததும் டாக்டர் மறைந்துவிடுகிறார். ரூபி தனியே நிற்கிறாள், தூரத்தில் ஒரு கிழவி. எவ்வளவு நடந்தாலும் கிழவி அதே 73 கஜத்தில், அதாவது சுமார் 67 மீட்டரில். முகம் தெளிவாகத் தெரியாது, கைகள் மட்டும் ஏதோ சொல்வதுபோல் அசைந்துகொண்டே இருக்கும். அவளிடம் போய்ப் பேசுகிறவர்கள் ரூபியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடுகிறார்கள். வளர்த்த அம்மா, காதில் ஃபோனோடு கிழவியை நெருங்கும் காட்சியில் நான் “போகாதீங்க, போகாதீங்க” என்று திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். போனார். அதோடு மகளை வேண்டாம் என்று விட்டுவிட்டார். இந்த எபிசோடில் வழக்கமான டைட்டில் இசைகூடக் கிடையாது. கிழவி அப்படி என்னதான் சொன்னாள் என்பதைக் கடைசிவரை சொல்லவும் இல்லை. அது ஒரு குறை என்பார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. இதற்கெல்லாம் காரணம் சாதாரண கால்ஷீட் பிரச்சினை: கட்வா அப்போது இன்னொரு தொடரின் படப்பிடிப்பில் இருந்தார், டாக்டர் இல்லாமல் ஒரு கதை தேவைப்பட்டது.

‘டாட் அண்ட் பபிள்’ளிலும் டாக்டர் பெரும்பாலும் திரைக்குள் தெரியும் முகம் மட்டும்தான். தலையைச் சுற்றி மிதக்கும் திரைகள் வழி காட்டாவிட்டால் நாலடி நடக்கத் தெரியாத பணக்காரப் பெண் லிண்டி; அதை அணைத்ததும் கம்பத்தில் போய் முட்டிக்கொள்கிறாள். செல்ஃபோன் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பார்த்து முடித்ததும் ஆரம்பத்திலிருந்து ஓட்டி, அந்த ஊர்க்காரர்களின் முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.

சரி, குறை? கடைசி இரண்டு எபிசோடுகள். (அந்த முடிவு தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 1975-இல் வந்த சுடேக் என்ற வில்லனை, அன்று குரல் கொடுத்த அதே கேப்ரியல் வுல்ஃபை வைத்தே திரும்பக் கொண்டுவந்தது அருமை. ஆனால் மரணத்தின் கடவுள் என்று அவ்வளவு பில்டப் கொடுத்துவிட்டு, நாயைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் டார்டிஸுக்குப் பின்னால் இழுத்துப்போனதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரூபியின் பெற்ற தாய் யார் என்ற புதிரும் அப்படித்தான், ஊதிய அளவுக்கு உள்ளே காற்று இல்லை.

2025 சீசனும் எட்டு எபிசோடுகள்தான், அதிலும் இறுதிக்கட்டம் சொதப்பல். அதில் ‘தி வெல்’ மட்டும் கட்டாயம் பாருங்கள். அதற்கு முன்னால், பழையதில் ஒன்றே ஒன்றாக 2008-இல் வந்த ‘மிட்நைட்’டைப் பார்த்துவிடுங்கள். இரண்டையும் ராத்திரி பார்ப்பதாக இருந்தால், முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும்படி உட்கார்ந்துகொள்ளுங்கள்.