பழைய கிராணி பதில்கள்

கேள்வி: கிராணி ஐயா, என் பாட்டனார் முனியாண்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி கிள்ளானில் வந்து இறங்கியவர் என்று அப்பா சொல்வார். லீவு போட்டுவிட்டு கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், கணினியில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. அவர் வந்ததற்கு ஓர் அடையாளம்கூடக் கிடையாதா?
– வாசகி, காப்பார்

பதில்: பெயரைத் தட்டினால் வராதம்மா. முதல் குற்றவாளி என் சாதிதான், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சாதி. முனியாண்டி என்று ஒருவர் வந்து நின்றால், ஒரு கிராணி ‘யூ’ போட்டு எழுதுவான், இன்னொருவன் இரண்டு ‘ஓ’ போடுவான், கடைசி எழுத்து ‘ஐ’யா ‘ஒய்’யா என்பது அன்றைக்குத் துரை என்ன மூடில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. நான் 1968-இல் பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தபோது, செக்ரோலில், அதாவது ஆள்வரவுப் புத்தகத்தில், நான்கு முனியாண்டி. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கட்டை முனியாண்டி, கோயில் முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி, சும்மா முனியாண்டி. புத்தகத்தில் நால்வருக்கும் நம்பர்தான். காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் நம்பரைக் கூப்பிட்டால்தான் சரியான ஆள் கையைத் தூக்குவார்.

அதனால் ஆளைத் தேடாதீர்கள், ஆள் இருந்த இடத்தைத் தேடுங்கள். எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த வருஷம்? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் என்று ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. 1875-இல் தொடங்குகிறது. கோப்புக்குக் கோப்பு ஓர் எண், பக்கத்தில் ஆண்டு. ‘கிள்ளான்’, தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், ‘கூலி’, ‘ஆஸ்பத்திரி’, ‘கள்ளுக்கடை’ என்று தட்டிப் பாருங்கள். ‘கூலி’ என்று தட்டக் கை கூசும். எனக்கும் கூசியது. ஆனால் அவர்கள் எழுதி வைத்த சொல்லைக் கொடுத்தால்தான் அவர்கள் பெட்டி திறக்கும்.

துறைமுகத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். 1901 செப்டம்பருக்கு முன்னால் கப்பல்கள் ஆற்றுக்குள் கிள்ளான் ஊருக்கே வரும். அதற்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம், பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 1972-இல்தான் அது போர்ட் கிள்ளான் ஆனது. உங்கள் அப்பா ‘கிள்ளானில் இறங்கினார்’ என்று சொன்னது அந்த ஸ்வெட்டன்ஹாமாகத்தான் இருக்க வேண்டும். ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்தவர் என்றால் 1938-க்கு முன்பு வந்திருப்பார். அந்த வருஷம் இந்திய அரசாங்கம் தோட்டக்கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் ஆளை வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம்கள் இருந்தன. அந்தப் பக்கத்துக் காகிதம் வேண்டுமானால் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மலாயாவில் இருந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளையும் விடாதீர்கள். லயம் எப்படி இருந்தது, சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை. வீட்டில் மூத்த அத்தை யாராவது இருந்தால் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், 1948-இல், அடையாள அட்டை வந்தது. அந்தப் பழைய அட்டை ஒன்று கிடைத்தால், உங்கள் பாட்டனாரை எந்தக் கிராணி எப்படி எழுதினான் என்று தெரிந்துபோகும்.

கேள்வி: பள்ளியில் உள்ளூர் வரலாறு திட்டம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் துறைமுகத்தைப் பற்றி யாரும் எழுதாத விஷயம் ஒன்று சொல்ல முடியுமா?
– மாணவன், போர்ட் கிள்ளான்

பதில்: யாரும் எழுதாதது என்று நான் சொன்னால் உன் ஆசிரியர் என்னைத் திட்டுவார் தம்பி. ஆனால் யாரும் பாதிக்கு மேல் படிக்காத விஷயம் ஒன்று உண்டு.

துறைமுகம் 1901-இல் திறந்தது. அலையாத்திக் காட்டுச் சதுப்பை வெட்டிக் கட்டிய இடம். திறந்த கையோடு மலேரியா பிடித்துக்கொண்டது. வேலையாட்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள், துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. அதே வருஷம்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்திருந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து நான்கே வருஷம். வாட்சன் அதை நம்பி, காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, தண்ணீரை வடித்தார். அவர் வெளியிட்ட அட்டவணையில், துறைமுகத்திலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 1901-இல் 188 பேர், மறு வருஷம் 70, அதற்கடுத்து 21, 1904-இல் 4. கிள்ளான் ஊரில் 334 பேர் இருந்தது 1905-இல் 12 ஆனது.

இதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். நீ அதே அட்டவணையின் மூன்றாவது வரியைப் பார். மாவட்டத்தின் மற்ற பகுதிகள்: 1901-இல் 197 பேர், 1905-இல் 353 பேர். கால்வாய் ஊருக்கும் துறைமுகத்துக்கும்தான் போனது. அந்த ‘மற்ற பகுதிகள்’ எது தெரியுமா? கித்தா, அதாவது ரப்பர், நட ஆரம்பித்த நேரம் அது. காட்டை அழித்துக்கொண்டு, லயத்தில் படுத்துக்கொண்டு, நம் ஆட்கள் இருந்த இடம். வாட்சன் பிறகு தோட்டங்களுக்கும் வேலை செய்தார், அதையும் எழுது, நியாயம் நியாயம்தான். ஆனால் உன் திட்டத்தை அந்த மூன்றாவது வரியிலிருந்து தொடங்கு.

கேள்வி: இந்த வயதில் பஸ் பிடித்து, கொமுட்டர் ரயில் பிடித்து, பழைய ஜாலான் டூத்தா சாலையில் இருக்கும் ஆவணக் காப்பகம் வரை போகிறீர்களே, வீட்டில் திட்ட மாட்டார்களா?
– வாசகர், தெலுக் பங்லீமா காராங்

பதில்: திட்டுவார்கள். அங்கே பென்சில்தான் அனுமதி, பேனா கூடாது, பையைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும், வாசிப்பறையில் குளிர் வேறு. ‘செக்ரோல் எழுதினவர் இப்ப செக்ரோல் பார்க்கப் போறார்’ என்று சொல்லிக்கொண்டே என் மனைவி ஸ்வெட்டரை எடுத்துத் தருவார்.

கேள்வி: 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கிராணிமாருக்கு எதிராகவும் ஒரு கோரிக்கை இருந்ததாமே? மறைக்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம்.
– வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும், பெண்களிடம் வாலாட்டுவது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, நல்ல வைத்தியம் கொடு, கொடுமைக்காரக் கிராணிகளை மாற்று. பட்டியலில் இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக உரிமை வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 18 வயது, மீசை சரியாக முளைக்காத பையன், ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். ரப்பர் பால் வாளி இரண்டு தொங்க, சைக்கிளில் ஒரு கிழவர் வந்தார். என்னைக் கண்டதும் இறங்கி, தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போய், பத்தடி தள்ளி மறுபடி ஏறினார். ‘எறங்க வேணாம் தாத்தா’ என்றேன். ‘பழகிப்போச்சுங்க’ என்றார். வேலைநிறுத்தம் நடந்து 27 வருஷத்துக்குப் பிறகு!

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர். அவரைப் பிடித்து இந்தியாவுக்கே நாடு கடத்தினார்கள், தோட்டங்களுக்குள் பட்டாளம் வந்தது. அந்த 1941 மே மாதத்து ஆங்கிலப் பத்திரிகைகளை சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் காசில்லாமல் திறந்து வைத்திருக்கிறது. படியுங்கள், ஆனால் பெரும்பாலும் துரைமார் மேஜையில் இருந்து வந்த செய்தி அது என்பதை மறக்காமல் படியுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தை விற்றபோது, குப்பையில் போட்ட பழைய சம்பளப் புத்தகம் ஒன்றை என் மாமனார் எடுத்து வைத்திருந்தார். ஓரம் எல்லாம் பூச்சி அரித்துவிட்டது. பக்கம் பக்கமாக ஊதாக் கறையும் இருக்கிறது. வெயிலில் காயவைத்து, கறையைத் துடைத்துவிட்டு, லேமினேட் செய்து வைக்கலாமா? ஒரு பக்கத்தின் படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, பந்திங்

பதில்: தங்கச்சி, உங்கள் மாமனாருக்கு என் கும்பிடு. நான் வேலை பார்த்த தோட்டம் ஒன்று கைமாறியபோது, ஆபீஸ் பின்னால் இரண்டு நாள் புத்தகமாகவே எரிந்தது. நானும் பார்த்துக்கொண்டு நின்றவன்தான். ஒன்றைக்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

லேமினேட் கூடவே கூடாது. அந்தச் சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது, காகிதம் உள்ளேயே பழுத்துவிடும். செலோடேப்பும் கூடாது. வெயிலில் போட்டால் மை வெளுத்துவிடும், மின்விசிறிக் காற்று போதும். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் விடாமல். பிறகு சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில் வையுங்கள். வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள், தனியார் காகிதங்களையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறைகள் எல்லாம் கடைசிப் பத்தியில், ஒவ்வொரு நம்பருக்கும் நேராக, ஒரே அளவில் இருக்கின்றன. சில இடத்தில் ரேகைகூடத் தெரிகிறது. சம்பளத்தன்று கிராணி மேஜையில் ஸ்டாம்ப் பேட் இருக்கும், அந்த மை அது. துடைத்துவிடாதீர்கள் தங்கச்சி, அவ்வளவும் கைநாட்டு.