அகத்தியர்கூடம் செல்ல ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் தக்கலையில் வசிக்கிறோம். மனைவி, 16 வயது மகன், தம்பி ஆகியோருடன் அகத்தியர்கூடம் சென்று அகத்தியரை வணங்கி வர விரும்புகிறேன். ஆன்லைன் பதிவு முடிந்துவிட்டது என்றும், தன்னிடம் ‘கோட்டா டிக்கெட்’ இருக்கிறது என்றும் சொல்லி ஒருவர் ஆளுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். அது சரிப்படாவிட்டால் கோதையாறு வழியாகக் காட்டுக்குள் அழைத்துச் செல்வாராம். நம்பலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் தமிழ்நாடு–கேரள எல்லையில் இருந்தாலும், பொதுமக்கள் இப்போது முறைப்படி ஏறக்கூடிய வழி கேரளத்தில் விதுராவுக்கு அப்பால் உள்ள போனக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கேரள வனத்துறை ஜனவரி நடுவை ஒட்டித் தொடங்கி சில வார காலத்துக்கு மட்டும், நாளொன்றுக்கு நூறைத் தாண்டாத எண்ணிக்கையில், ஆன்லைன் பதிவின் மூலம் அனுமதி தருகிறது. இதில் தனியார் ஏஜென்ட் எவருக்கும் கோட்டா கிடையாது. பதிவு திறந்ததும் யார் யார் பெயரிலோ இடம் பிடித்துவைத்துப் பிறகு விற்பதைத்தான் இவர்கள் கோட்டா என்கிறார்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் போனக்காட்டுச் சோதனைச் சாவடியில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஏழு பேர் இப்படி உள்ளே விடப்படாமல் நின்றதை நேரில் பார்த்தேன். அதிகாலைக் குளிரில் வந்து இறங்கியிருந்த அவர்களிடம் இருந்த டிக்கெட்டுகள் ஏழும் வேறு ஆட்களின் பெயரில் இருந்தன. விற்றவரின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓர் அம்மா, பொங்கலிடக் கொண்டுவந்த பச்சரிசி மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அனுமதி கிடைத்திருந்தாலும் அந்த அரிசியைக் கொண்டுபோக முடியாது என்பதைக்கூட அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. மேலே பொங்காலைப்பாறை என்று ஓர் இடமே இருக்கிறது. ஆனாலும் பூஜைப் பொருள்கள், பிளாஸ்டிக், மது எவற்றுக்கும் இப்போது அனுமதி இல்லை. தேங்காய், சூடம் எதையும் எடுத்துச் செல்லாமல், கைகூப்பி வணங்கிவிட்டு வரும் மனத்துடன் புறப்படுங்கள்.

கோதையாறு வழி என்பது இன்னும் ஆபத்தானது. பேச்சிப்பாறைக்கு மேலே இருப்பது கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். அதை அடுத்து களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழக்கு உங்கள் மீதும் பாயும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். எந்தக் குழு எந்த வழியில் எப்போது உள்ளே போயிருக்கிறது என்று பதிவு இல்லாத இடத்தில், ஆபத்து வந்தால் தேடி வருவதற்கும் ஆள் இருக்காது.

16 வயது மகனையும் அழைத்துச் செல்ல விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் பெற்றோருடனோ, பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்துடனோ வரலாம். உங்கள் மகன் உங்களுடன் வருவதால் தடையில்லை. ஆனால் உங்கள் டிக்கெட்டும் அவன் டிக்கெட்டும் ஒரே நாளுக்கு இருக்க வேண்டும். உங்களுக்குத் திங்கள், அவனுக்குச் செவ்வாய் என்று வாங்கிவிட்டுச் சித்தப்பா உடன் வருகிறாரே என்று வாதிடுபவர்கள் உண்டு. சித்தப்பா பெற்றோர் ஆகமாட்டார். அந்த நிலையில் சம்மதக் கடிதம் இருந்தே ஆக வேண்டும். ஒரே நாளில் போனாலும், உங்கள் கால் சுளுக்கிக்கொண்டு நீங்கள் கீழே தங்க நேரலாம் என்பதால், கடிதத்தையும் பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையையும் அவன் பையிலேயே வையுங்கள். உங்கள் மனைவிக்குத் தடை ஏதும் இல்லை. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2019 ஜனவரி முதல் பெண்களும் சிகரம் ஏறுகிறார்கள்.

மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். மருத்துவர் பார்க்காமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் அந்த ஏஜென்ட் சொல்வார், மறுத்துவிடுங்கள். முதல் நாள் கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு ஆகியவற்றைக் கடந்து, நிழலே இல்லாத புல்வெளியில் நடந்து, ஏழுமடக்கு என்ற ஏற்றத்தில் ஏறி, இரவு தங்கும் அதிருமலை முகாமை அடைய வேண்டும். மறுநாள் சிகரத்துக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மூட்டுவலி, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் அங்கே படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்பே ஞாயிறுதோறும் விடியற்காலையில் நம் மாவட்டத்து மருந்துவாழ்மலை ஏறி இறங்கிப் பழகுங்கள். இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த மோசடி ஆண்டுதோறும் நடப்பதற்கு நிர்வாகமும் காரணம். பருவம் ஆண்டுதோறும் அதே நேரத்தில்தான் வருகிறது. பதிவு திறக்கும் நாளை இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிவித்து, எல்லைக்கு இப்பால் இருக்கும் எங்களுக்குத் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதற்கு என்ன செலவு ஆகிவிடும்? கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அதுவரை நீங்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். டிசம்பர் இறுதியிலிருந்தே வனத்துறையின் இணையதளத்தை நாள்தோறும் பாருங்கள். நால்வரின் அடையாள அட்டை விவரங்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பதிவு திறந்த நிமிடத்திலேயே உங்கள் கையாலேயே பதிவு செய்யுங்கள். இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு போகலாம்.