சங்கத்தில் இல்லாத எங்களுக்கும் தொழிற்சங்க சம்மேளனம் ஏன் நோட்டீஸ் கொடுக்கிறது?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை பக்கம் ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் வாசலில் கொடுப்பார்களே, அதைத்தானே கேட்கிறீர்கள்? ஆள் சேர்க்கும் நோக்கம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 2016 ஏப்ரலில், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தில் கம்பெனி பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக்கூடாது என்ற விதிக்கு எதிராக பெங்களூரில் ரோட்டுக்கு வந்த கார்மெண்ட்ஸ் பெண்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை, மத்திய அரசு இரண்டே நாளில் பின்வாங்கியது. அப்புறம், சங்கத்தில் இல்லாதவருக்கும் உள்ள இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு): அதற்கு உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். வைத்தியம் மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத்தான். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நாலு வருஷம் பிடித்தம் கட்டியும் அம்மா பெயரைச் சேர்க்கவே இல்லை; தமிழில் அச்சடித்த அப்படியொரு நோட்டீஸைப் படித்துத்தான் போய்ச் சேர்த்தார்.