ரீங்காரத்தின் சுருதி

அன்புள்ள ஐயா,

ஒன்பது ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். கல்லூரி நாட்களில் விட்டுப்போன கிட்டாரை மீண்டும் எடுத்திருக்கிறேன். சென்ற மாதம், வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் கண்ணாடி வால்வுகளால் இயங்கும் பழைய ஃபெண்டர் சாம்ப் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். பழுப்புத் துணி ஒட்டிய சிறிய பெட்டி, எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தில் எச்.இ. என்று முத்திரை இருக்கிறது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு துண்டுக் காகித நாடாவில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. அது யாராக இருக்கும்?

ஆம்ப்பை இயக்கினால் அரை நிமிடத்தில் பெரிய ரீங்காரம் எழுகிறது. வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் அது குறையவில்லை. பழுதுபார்க்கும் கடையில் கேட்டேன். வால்வு, கண்டென்சர், ரெசிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார்கள். எனக்கு ஓரளவு சால்டரிங் தெரியும். அடுத்த ஆண்டு மதுரைக்கே திரும்பிவிடப் போகிறோம். அங்கே இதை இயக்க முடியுமா? நான் என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்று. அந்தக் கடையில் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கடை என்பது இப்போது தேவையில்லை. திரும்பி வந்த பெட்டிக்குள் எல்லாம் பளபளவென்று இருந்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கூடப் புதிது. பழையது எங்கே என்று கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து இயக்கினால் அதே கரகரப்பு. கிட்டார் ஒயரைச் செருகும் ஜாக்கின் தரை இணைப்பில் ஈயம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான் குறை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, குறை அப்படியே இருந்தது. பழுது எங்கே என்று தேடாமல் செய்யும் வேலையைப் பழுதுபார்த்தல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எச்.இ. என்ற முத்திரைக்குப் பொருள் உண்டு. முதல் எழுத்து ஆண்டு, 1951ஐ ஏ என்று வைத்து எண்ண வேண்டும். இரண்டாவது மாதம். ஆக உங்கள் பெட்டி 1958 மே மாதத்தது. டிரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கரிலும் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 606 என்று தொடங்கினால் ஷூமேக்கர் செய்த டிரான்ஸ்ஃபார்மர், 220 ஜென்சன் ஸ்பீக்கர், 465 ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்பீக்கர். பின்தொடரும் இலக்கங்களில் ஆண்டும் வாரமும் இருக்கும். அவையும் 1958ஐ ஒட்டி வந்தால் உங்களிடம் இருப்பது கலையாத பெட்டி.

அந்தப் பெயர், உங்கள் ஆம்ப்பை ஒயர் கட்டி முடித்த பெண்ணின் பெயர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்திலிருந்த ஃபெண்டர் தொழிற்சாலையில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் அதிகம். அவர்களில் பலர் மெக்சிகோ வழிவந்த குடும்பத்தினர். வேலை முடிந்ததும் தன் பெயரை நாடாத் துண்டில் எழுதி உள்ளே ஒட்டிவிடுவார்கள். சால்டரிங் தெரிந்தவர் நீங்கள். அவர் பற்றவைத்த புள்ளிகளை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஈயம் எங்கே பளபளப்பாக வழிந்து படிந்திருக்கிறது, ஒயர் எங்கே எந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறது என்று பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவற்றில் பெரும்பாலானவை அசைந்திருக்காது. அவற்றையெல்லாம் உருக்கி எடுக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1930களின் இறுதியில் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். இந்தப் பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் அந்த ரேடியோக்காரரின் புத்தி தெரியும். சில திருகுகளைக் கழற்றினால் போதும், சுற்று முழுவதும் கண்முன் வந்துவிடும். தடித்த அட்டைப் பலகையில் பித்தளைக் கண்கள் பதித்து, கண்டென்சர்களையும் ரெசிஸ்டர்களையும் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். ஒன்றை எடுக்கப் பக்கத்திலுள்ளதைத் தொடவேண்டியதில்லை. பழுது வரும், யாரோ ஒருவர் திறப்பார் என்று எண்ணியே செய்த பொருள் இது.

இனி ரீங்காரம். அதற்கு ஒரு சுருதி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது.

உங்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 அலைகள். 5ஒய்3 என்ற ரெக்டிஃபயர் வால்வு அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், வெளியே வருவது வினாடிக்கு 120 துடிப்புகள். கிட்டாரின் ஐந்தாம் கம்பியில் முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) எழும் சுருதி ஏறத்தாழ 116.5 ஹெர்ட்ஸ், இரண்டாவதில் 123.5. இரண்டுக்கும் நடுவே எங்கோ உங்கள் ரீங்காரம் நின்றால் அது 120. கிட்டாரை ஆம்ப்பில் செருகாமல், மடியில் வைத்து வாசித்துப் பார்த்தாலே போதும். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, மெலிதாக முனகினால் அது 60. அப்போது வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் இழையிலிருந்தோ தரை இணைப்பிலிருந்தோ வருகிறது என்று பொருள். மதுரையில் இதே சோதனையைச் செய்தால் எண்கள் 100, 50 என்று மாறும். 100 என்பது ஆறாம் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்குச் சற்று மேலே.

உங்களுடையது 120ஆக இருக்கும் என்றே நினைக்கிறேன். காரணம், வால்யூமைக் குறைத்தும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சுற்றில் வால்யூம் குமிழ், கிட்டாரின் ஒலியை முதலில் பெரிதாக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இரைச்சல் நுழைகிறது. அந்த வால்வைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். அப்போதும் அதே உரப்பில் ரீங்காரம் இருந்தால் முதல் ஃபில்டர் கண்டென்சர் போய்விட்டது.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரைக் குபுக் குபுக்கென்று தள்ளினாலும் குழாயில் சீராக வருகிறதென்றால் நடுவே தொட்டி இருப்பதால்தான். ஃபில்டர் கண்டென்சர் அந்தத் தொட்டி. அதற்குள்ளிருக்கும் ஈரப் பசை காலப்போக்கில் காய்ந்துவிடும், தொட்டியின் கொள்ளளவு சுருங்கிவிடும், மோட்டாரின் துடிப்பு நேராகக் குழாய்க்கு வந்துவிடும். உங்கள் பலகையில் 16, 8, 8 மைக்ரோஃபேரட் என்று மூன்று இருக்கின்றன. அவற்றையும், ஸ்பீக்கரை இயக்கும் 6வி6 என்ற பவர் வால்வின் கேத்தோடு முனையில் உள்ள 25 மைக்ரோஃபேரட் கண்டென்சரையும் மாற்றுங்கள். முன்னெச்சரிக்கையாக மாற்றவேண்டியவை இவை மட்டும்தான். 16 இருக்கும் இடத்தில் 47 போட்டால் இன்னும் அமைதியாகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய தொட்டியை நிரப்பும் வலு 5ஒய்3க்குக் கிடையாது. 16 அல்லது 20 போதும். ஒற்றைப் பவர் வால்வு கொண்ட சுற்றில் கொஞ்சம் ரீங்காரம் எப்போதும் மிஞ்சும். அது குறையல்ல.

ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் மஞ்சள் நிற ஆஸ்ட்ரான் கண்டென்சர்களை அளக்காமல் கழற்றாதீர்கள். 6வி6 வால்வை எடுத்துவிட்டு, ஒலி உள்ளே நுழையும் அதன் கிரிட் முனையில் டி.சி. வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் கண்டென்சர் கசியவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். கசிந்தால் மட்டும் மாற்றுங்கள், ஏனென்றால் அந்தக் கசிவு பவர் வால்வின் தகட்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சிவிடும். பிறகு வால்வைப் பொருத்தி, 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே அளந்தால் சுமார் 20 வோல்ட் வரவேண்டும். ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து, அளவு மிகவும் விலகியதை மட்டும் எடுங்கள்.

ஐயா, இப்போது சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இந்தப் பெட்டிக்குள் 300 வோல்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கலாம், அது உயிரைப் பறிக்கப் போதுமானது. ஒரு பெரிய ரெசிஸ்டரை, 10 கிலோ ஓம், 5 வாட் அளவில், ரப்பர் உறையிட்ட கிளிப்புகள் கொண்ட ஒயரில் கட்டி, கண்டென்சருக்கும் சேசிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் இடையே சில வினாடிகள் மாட்டுங்கள். பிறகு மீட்டரில் அளந்து பூஜ்யம் என்று பார்த்த பின்பே கை வையுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இயக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். இரண்டு கால் பிளக்காக இருந்தால் முதல் வேலையாக மூன்று கால் பிளக்குக்கு மாற்றி, தரை ஒயரைச் சேசிஸோடு இறுக்கிக் கட்டுங்கள். மின்சாரம் உள்ளே வரும் இடத்திலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போயிருந்தால் அதை வெட்டி எடுங்கள். பழுதுபார்ப்பவர்கள் அதை மரணக் கண்டென்சர் என்றே அழைக்கிறார்கள். பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று இவ்வளவு சொன்ன நான், இந்த இரண்டையும் மட்டும் காப்பாற்றச் சொல்ல மாட்டேன்.

மதுரையில் தாராளமாக இயக்கலாம். 230 வோல்டை 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே இரண்டு கம்பிச்சுருள்களும் தனித்தனியாக உள்ள வகை, 100 வாட் அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். 120 வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், வோல்டைக் கொஞ்சம் இறக்கினால் அதற்கு மூச்சு கிடைக்கும்.

வால்வுகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். ஊருக்குப் போனதும் பழைய ரேடியோக் கடைகளில் ஈசிசி83 என்று கேட்டுப் பாருங்கள், 12ஏஎக்ஸ்7க்கு ஐரோப்பாவில் வைத்த பெயர் அது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் அவற்றைச் செய்தது. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவுக்குள்ளும் அந்த நிறுவனத்தின் வால்வுகள்தான் இருந்தன. குமிழைத் திருப்பிவிட்டு, இழை சிவந்து செய்தி கேட்கத் தொடங்கும் வரை காத்திருப்போம். உங்கள் சாம்ப் எடுத்துக்கொள்ளும் அரை நிமிடமும் அதுதான்.

வேலையைத் தொடங்கும் முன் உள்ளே எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியவற்றை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மாற்றியவை எவை, அளந்த வோல்டுகள் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உங்கள் பெயரையும் எழுதி, அந்தப் பெண்ணின் நாடாவுக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். அந்த அளவுகளை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.